ஜரிகை வந்த ஊர்

தங்கை மகளின் நிக்காஹுக்குப் பட்டுச் சேலை எடுக்க அண்மையில் காஞ்சிபுரம் சென்றிருந்தேன். ஏகாம்பரநாதர் கோபுரத்தைக் கடந்து பிள்ளையார்பாளையம் நுழைந்ததும் தறிகளின் ஓசை வரவேற்றது. ஒரு வீட்டில் முதியவர் ஒருவர் கரையை உடலோடு இணைக்கும் கோர்வையில் ஆழ்ந்திருந்தார்.

"புகையில்லாத் தொழில் உங்களுடையது ஐயா!" என்றேன்.

அவர் நூற்கண்டை உயர்த்திக் காட்டினார். "தறிக்குப் புகையில்லை பாய். ஆனால் இந்த ஜரிகை வந்தது சூரத்திலிருந்து. அங்கே புகைக்குக் குறைவில்லையாம். என் மகனும் தறியை விட்டு ஒரகடம் தொழிற்சாலைக்குப் போய்விட்டான்."

அச்சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. ஜரிகைக்குப் பெயர்பெற்ற சூரத்தில் துணிக்குச் சாயமேற்றும் ஆலைகளும் மிகுதி. நீராவிக்காக அவை எரிக்கும் நிலக்கரியின் நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை சென்று இதயத்தையும் தாக்குகின்றன.

இத்துன்பம் நமக்கு மட்டுமா? 1952 டிசம்பரில் இலண்டனைச் சூழ்ந்த நச்சுப்புகை ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. 1956இல் அங்கே தூய காற்றுச் சட்டம் பிறந்தது. அமெரிக்காவோ 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால், மின் நிலையங்கள் வெளியிடும் கந்தக டை ஆக்சைடுக்கு மொத்த வரம்பு விதித்தது. தமது பங்கில் மிச்சம் பிடித்தவர் அதனைப் பிறருக்கு விற்கலாம் என்றும் அனுமதித்தது.

நம் நாட்டிலும் 1981இலேயே காற்றுச் சட்டம் வந்தது. ஆயினும் எப்போதோ நிகழும் சோதனையால் புகை அடங்கவில்லை. எனவே 2019இல் சூரத்தில் ஒரு புதிய முயற்சி தொடங்கியது. 300க்கும் மேற்பட்ட ஆலைகளின் புகைபோக்கிகளில் இடைவிடாது அளக்கும் கருவிகள் பொருத்தப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழப் பாதி ஆலைகளின் மொத்தத் துகளுக்கு வரம்பு விதிக்கப்பட்டது. குறைவாக வெளியிட்ட ஆலை எஞ்சிய அனுமதியை விற்கலாம். மிகுதியாக வெளியிட்டது அதை வாங்கியாக வேண்டும். தவறினால் முன்வைப்புத் தொகையில் அபராதம் கழியும். பழைய முறையிலேயே நீடித்த ஆலைகளைவிட இவற்றின் துகள் 20 முதல் 30 விழுக்காடு குறைந்ததை ஆய்வாளர்கள் கண்டனர்.

ஆலைகளை மூடும்படி இத்திட்டம் கேட்கவில்லை. புகைக்குக் கணக்கு வந்தது. கணக்கோடு பொறுப்பும் வந்தது.

அம்முதியவர் ஜரிகையை நிறுத்துத்தான் வாங்குகிறார். எடை சிறிது குறைந்தாலும் கேள்வி கேட்பார். மகனின் மூச்சில் நாள்தோறும் என்ன கலக்கிறது என்ற கணக்கை மட்டும் அவரிடம் யாரும் காட்டியதில்லை. தொழிற்சாலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஒவ்வொரு குடும்பமும் அக்கணக்கைக் கேட்கப் பழக வேண்டாமா?