பெட்டியும் பேனாவும்

லாஸ் வேகாஸில் ஆண்டுதோறும் நடக்கும் ஸீ.இ.எஸ். மின்சாதனக் கண்காட்சியிலிருந்து செய்தி எழுதுகிறவர்களிடம் எனக்கு அனுதாபம் உண்டு. பகலெல்லாம் நடை, இரவெல்லாம் எழுத்து. 2013 ஜனவரியில், கண்காட்சியின் பரிசுகளைத் தேர்ந்தெடுத்த ஸீநெட் ஸ்தாபனத்தார், டிஷ் கம்பெனியின் 'ஹாப்பர்' பெட்டிக்கே முதல் பரிசு என்று வாக்களித்தார்கள். டெலிவிஷன் விளம்பரங்களைத் தாண்டிக் குதிக்கும் பெட்டி அது. ஸீநெட்டின் எஜமானரோ ஸீபிஎஸ் டெலிவிஷன் கம்பெனி, டிஷ்ஷோடு வழக்காடிக்கொண்டிருந்தது. 'கூடாது' என்று உத்தரவு வந்தது. பரிசு வேறொன்றுக்குப் போயிற்று. ஸீநெட் நிருபர் கிரெக் ஸான்டோவல் ராஜிநாமா செய்தார். கண்காட்சிக்காரர்கள் பிற்பாடு ஹாப்பருக்கும் பரிசளித்து, ஸீநெட்டின் உறவை முறித்துக்கொண்டார்கள்.

என் மனைவிக்கு இந்தப் பெட்டி பிடித்துப் போகும். கதைக்கு நடுவே சோப்பு வந்தால் அவளுக்கு ஆகாது. அந்தச் சோப்புதான் எனக்குச் சன்மானம் தருகிறது. ஸான்டோவலின் இடத்தில் நான் இருந்தால்? அன்று முழுவதும் பேனா ஓடவில்லை.