மலிவுப் பட்டைத் தேடி

திருப்புட்குழிக்கு நாம் போனது பெருமாளைச் சேவிப்பதற்காக அல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுவது நல்லது. பெருமாள் எல்லாம் அறிந்தவர். நேயர்களிடம் மட்டும் உண்மையை மறைப்பானேன்? நாம் போனது பட்டுப் புடவை வாங்க. அதுவும் மலிவாக வாங்க.

நம் தமக்கையாரின் குமாரிக்கு விவாகம் நிச்சயமாகியிருந்தது. விவாகம் என்றால் காஞ்சிபுரம். காஞ்சிபுரம் என்றால் புடவை. புடவை என்றால் பேரம். இந்தக் கடைசிக் கலையில் தமக்கையாருக்கு நிகரானவர் சென்னைப் பட்டணத்தில் இல்லை என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். அவர் கீரைக்காரியிடம் பேசுவதைக் கேட்டால், பெரிய வக்கீல்களெல்லாம் அவரிடம் பாடம் கேட்கலாம் என்று தோன்றும். அப்படிப்பட்டவரிடம் ஒரு சிநேகிதி வந்து, "காந்தி ரோட்டுக் கடைகளுக்குப் போகாதே. அங்கே விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் சேர்த்து நீதான் பணம் கொடுக்க வேண்டும். நேரே தறி வீட்டுக்குப் போ, பாதி விலை!" என்று ஓதிவிட்டுப் போனாள். அப்புறம் கேட்க வேண்டுமா?

'பாதி விலை' என்னும் இந்த மந்திரம் நம் தேசத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்து ரீடிங் என்ற ஊரில், துணி ஆலைகள் தங்கள் மிச்சத்தையும் குறைப்பட்ட சரக்கையும் வாசலிலேயே மலிவாக விற்று வந்தன. 1970-க்குப் பிறகு அதுவே ஒரு பெரும் வியாபாரமாகி, ஊர்களுக்கு வெளியே மைதானம் மைதானமாகக் கடைகள் எழும்பின. புகழ் பெற்ற கம்பெனிகளின் பெயரைத் தாங்கிய சட்டையும் பையும் செருப்பும் அங்கே குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஜனங்கள் மோட்டார் போட்டுக்கொண்டு போகிறார்கள். கடைசியில் வெளியான சமாசாரம் என்னவென்றால், அங்கே விற்கும் சரக்கில் ஒரு பகுதி மிச்சமே அல்ல. மலிவுக் கடைக்கென்றே மட்டமாகத் தயாரித்து, பழைய விலை என்று ஒன்றை எழுதி அடித்து வைக்கிறார்கள் என்பது. 2014-இல் அமெரிக்கச் சட்டசபை அங்கத்தினர் நால்வர் இதை விசாரிக்க வேண்டுமென்று வர்த்தகக் கமிஷனுக்குக் கடிதமே எழுதினார்கள். இதையெல்லாம் நாம் தமக்கையாரிடம் எடுத்துச் சொன்னோம். "அது அமெரிக்கா. இது காஞ்சிபுரம்" என்று அவர் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

காஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், நாம் யார், எதற்காக வந்தோம் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்த ஒரு மனிதர் எதிர்கொண்டார். "தறி வீடுதானே, அம்மா? வாருங்கள்" என்று அழைத்துச் சென்றார். ஒரு சந்து, சந்துக்குள் ஒரு வீடு. முன் அறையில் பழந்தறி ஒன்று நின்றது. அதன் பாவின் மீது தூசி படிந்திருந்ததை நாம் கவனித்தோம். ஆனால் அதன் பொருளை உணரவில்லை. உள்ளே பாய் விரித்துப் புடவைகளைப் பரப்பினார்கள். அரக்குச் சிவப்பில் மயில்கழுத்துக் கரை போட்ட ஒன்று தமக்கையாரின் கண்ணைப் பறித்தது. பதினான்காயிரம் என்று தொடங்கினார்கள். முக்கால் மணி நேரம் கழித்து ஐயாயிரத்து எண்ணூறுக்கு முடிந்தது. இரண்டு தடவை எழுந்து வாசல் வரை போய்த் திரும்பினோம். ஒரு தடவை வீட்டுக்காரர் தம் குழந்தைகள் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்தார். பட்டு முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று நாம் மெல்லக் கேட்டதற்கு, "முத்திரை ஒட்டினால் விலை ஏறிவிடும், ஸார்" என்று பதில் வந்தது. மத்தியப் பட்டு வாரியம் 2004-இல் ஏற்படுத்திய அந்த முத்திரை, வாங்குகிறவருக்காக ஏற்பட்டதேயன்றி விலையை ஏற்றுவதற்காக அல்ல. அது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் வெற்றி வாயில் வந்து நிற்கும்போது யார் தர்க்கம் பேசுவார்கள்?

சம்பந்தியம்மாளுக்கும் ஒரு புடவை வேண்டும். பட்டணத்துச் சந்திலேயே இவ்வளவு மலிவென்றால் கிராமத்தில் எப்படியிருக்கும்? சிநேகிதி பாலுசெட்டி சத்திரத்துப் பக்கத்தையும் குறிப்பிட்டிருந்தாள். ஆகவே வேலூர் போகும் சாலையில் மேற்கே கிளம்பினோம். ஏறக்குறைய எட்டு மைல் சென்று, பெரிய சாலையைவிட்டு உள்ளே திரும்பினால் திருப்புட்குழி.

சாலையில் லாரிகளின் இரைச்சல் காதைத் துளைத்துக் கொண்டிருக்க, சற்று உள்ளே ஒரு தெப்பக்குளமும் கோபுரமும் தென்னை நிழலுமாக ஊர் அமைதியாயிருக்கிறது. புள் என்றால் பறவை. இராவணனோடு போரிட்டு வீழ்ந்த ஜடாயுவுக்கு இராமபிரான் இங்கே குழி வெட்டி ஈமக்கடன் செய்தார் என்பது ஸ்தல புராணம். குளத்துக்கு ஜடாயு தீர்த்தம் என்றே பெயர். விஜயராகவப் பெருமாள் வீற்றிருந்த திருக்கோலத்தில் ஸேவை சாதிக்கிறார். திருமங்கையாழ்வார் பாடிய ஸ்தலம். வேதாந்த தேசிகர் 'பரமார்த்த ஸ்துதி'யை இந்தப் பெருமாள்மீதே இயற்றினார். ஜடாயு வீழ்ந்த இடம் எங்கள் ஊர்தான் என்று வைத்தீஸ்வரன் கோவிலிலும் சொல்வார்கள். ஆந்திர தேசத்து லேபாக்ஷியிலும் சொல்வார்கள். கேரளத்துச் சடயமங்கலத்திலும் சொல்வார்கள். நல்ல பெயரென்றால் நாலு ஊர் பங்குக்கு வருவது இயல்புதானே? காஞ்சிப் பட்டின் பெயரும் அப்படித்தான் எங்கெங்கோ போய் ஒட்டிக்கொண்டது. 2005-இல் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி அந்தப் பெயருக்கு வேலி போட்டார்கள். வேலிக்கு அடியில் நுழைகிறவர்கள் இன்னும் நுழைந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

மரகதவல்லித் தாயார் ஸந்நிதியில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை வேண்டும் பெண்கள் வறுத்த பயற்றை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு இரவு படுப்பார்கள். காலையில் அது முளைத்திருந்தால் பிரார்த்தனை பலிக்கும் என்பது நம்பிக்கை. வறுத்த பயறு முளைப்பது தாயாரின் அநுக்கிரகம். ஐயாயிரத்து எண்ணூறு ரூபாய்க்குச் சுத்த ஜரிகைப் பட்டு முளைப்பதும் அந்த ஜாதியைச் சேர்ந்த அற்புதமே என்பது நமக்கு அப்போது தோன்றவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் தோன்றியது.

கோயிலிலிருந்து வெளியே வந்து விசாரித்ததில், சிறிது தூரத்தில் தறி ஓசை கேட்கும் ஒரு வீட்டைக் காட்டினார்கள். இந்தத் தறியில் தூசி இல்லை. தரையில் வெட்டிய குழிக்குள் கால்களை விட்டுக்கொண்டு ஒரு பெரியவர் மிதித்துக் கொண்டிருந்தார். அவருக்கு வலப்பக்கம் ஓரத்தில் அவருடைய மனைவியார் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கிக் கொடுத்துக் கொண்டிருந்தார். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரண்டு, ஆக மூன்று. ஒவ்வோர் ஊடையிலும் உடல் நூலும் கரை நூலும் எல்லையில் சந்தித்து ஒன்றையொன்று கட்டிக்கொள்ள வேண்டும். இதற்குத்தான் கோர்வை என்று பெயர். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று கத்தரித்தாற்போல் நிற்பது இதனால்தான். ஒரு கை செய்கிற வேலையன்று இது. முந்தானைக்கு வேறு நிறம் வேண்டுமென்றால், பாவையே அந்த இடத்தில் மாற்றி, பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழையை விரலால் முறுக்கி இணைக்க வேண்டும். அதைப் பிட்னி என்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழைகள்! நாம் நின்று பார்த்த நேரத்தில் துணி ஒரு விரற்கடை வளர்ந்திருந்தால் அதிகம்.

தமக்கையார் சிறிதும் தாமதிக்காமல், "இந்தப் புடவை என்ன விலைக்குக் கொடுப்பீர்கள்?" என்றார்.

பெரியவர் நாடாவை நிறுத்தினார். "இது என்னுடையது இல்லையே, அம்மா" என்றார்.

"நீங்கள்தானே நெய்கிறீர்கள்?"

"நெய்கிறேன். பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுத்தது. மூன்று புடவைக்கு ஒரு பாவு வரும். எடை போட்டுக் கொடுப்பார்கள். எடை போட்டு வாங்கிக் கொள்வார்கள். எங்களுக்குக் கூலி. ஸொஸைட்டித் தறியானாலும் அப்படித்தான். நான் இதை உங்களுக்கு விற்றால் திருட்டு."

தமக்கையார் பேசாமல் நின்றார். நமக்குத் தெரிந்து பேரத்தின் நடுவில் அவர் வாயடைத்தது அதுவே முதல் தடவை. உலகத்தில் புடவை மலிவாகக் கிடைக்க வேண்டிய இடம் தறிதான் என்று ஐம்பது மைல் தேடி வந்தோம். தறியில் உட்கார்ந்திருப்பவரிடம் விற்பதற்கு ஒன்றுமே இல்லை. சொந்தத்தில் பட்டு வாங்கி நெய்து விற்கிறவர்களும் சிலர் இருக்கிறார்கள். ஆனால் கர்நாடகத்துப் பட்டு நூலுக்கும், 2025-இல் கிலோ லட்ச ரூபாயைத் தாண்டி மேலே போய்க்கொண்டே இருந்த வெள்ளிக்கும் முதல் போட எத்தனை பேரால் முடியும்?

பெரியவருக்கு நம்மேல் இரக்கம் உண்டாகியிருக்க வேண்டும். "காஞ்சியில் ஏதோ வாங்கினீர்கள் போலிருக்கிறதே, பார்க்கலாமா?" என்றார். தமக்கையார் பெருமையுடன் பிரித்தார். பெரியவர் முகப்பைப் பார்க்கவேயில்லை, புடவையைப் புரட்டினார். கரையின் பின்புறத்தில் அரக்குச் சிவப்பு இழைகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தாராளமாக ஓடியிருந்தன. கோர்வையாயிருந்தால் உடலின் ஊடை கரைக்குள் நுழையாது. "ஒரே நாடா, அம்மா. விசைத்தறி" என்றார். குஞ்சத்திலிருந்து ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டினார். பட்டு எரிந்தால் மயிர் பொசுங்கும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். இது உருகிச் சொட்டிக் கறுப்பு மணியாக உறைந்தது. பிறகு ஜரிகையை நகத்தால் பிரித்தார். நல்ல ஜரிகைக்குள்ளே சிவப்புப் பட்டு இழை இருக்கும். அதன்மேல் வெள்ளிக் கம்பி, அதன்மேல் தங்க முலாம். இதற்குள் வெள்ளை நூல் எட்டிப் பார்த்தது.

"எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று கேட்டார் பெரியவரின் மனைவியார்.

சொன்னோம்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "இந்த மாதிரிக் கோர்வைப் புடவைக்கு எங்கள் இரண்டு பேர் கூலியைக் கழித்தால் அதில் கொஞ்சம்தானே மிஞ்சும்? அப்புறம் பட்டை யார் கொடுத்தது, வெள்ளியை யார் கொடுத்தது?"

இந்தக் கேள்விக்கு எந்தச் சர்வகலாசாலையிலும் பதில் கிடையாது. கைத்தறிக் கூலி குறைகிறதே என்று கவலைப்பட்டவர்கள் நம் நாட்டில் இல்லாமலில்லை. அரசியலில் எதிரும் புதிருமாக நின்ற இருவர் இந்த ஒரு விஷயத்தில் ஒரு பக்கம் நின்றார்கள். முதல் மந்திரியாயிருந்த ராஜாஜி வேஷ்டியையும் புடவையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டுமென்று வாதாடினார். காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரை 1953-இல் திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணி விற்றார். சில ரகங்களைக் கைத்தறிக்கு ஒதுக்கும் சட்டம் 1985-இல்தான் வந்தது. 1905-இல் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் பிரகடனமான ஆகஸ்டு 7-ஆம் தேதியை 2015 முதல் தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடுகிறார்கள். தினம் இருக்கிறது; சட்டமும் இருக்கிறது. சட்டத்துக்குப் பயப்படாத புடவை நம் தமக்கையாரின் மடியில் இருந்தது.

"பிள்ளைகள் நெய்கிறார்களா?" என்று நாம் கேட்டோம்.

"ஒரே பையன். ஒரகடத்தில் மோட்டார்க் கம்பெனிக்குப் போகிறான். கம்பெனி பஸ் அந்தப் பெரிய சாலையிலேயே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. மாதம் பிறந்தால் சம்பளம்" என்றார் பெரியவர். அதில் வருத்தம் இருந்ததா, நிம்மதி இருந்ததா என்று குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. "நான்தான் அனுப்பினேன்" என்று மட்டும் சேர்த்துக்கொண்டார். அந்த அம்மாள் கரை நாடாவைக் கையில் எடுத்தார். ஒருவர் எழுந்தால் மற்றவரும் நிறுத்த வேண்டியதுதான். நம்மால் அன்று அவர்களுக்கு அரை மணி நேரக் கூலி நஷ்டம்.

தமக்கையார் ஏதோ கொடுக்கப் போனார். பெரியவர் வாங்கவில்லை. "கலியாணப் புடவை வாங்கும்போது புரட்டிப் பாருங்கள், அது போதும்" என்றார்.

சாயங்காலம் காஞ்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கடைக்குப் போனோம். தனியார் கடைகள் சிலவும் சங்கம் என்று அர்த்தமாகும்படி பெயர் வைத்துக் கொள்வதால், பலகையை இரண்டு தடவை படித்துவிட்டே நுழைந்தோம். அங்கே பேரம் கிடையாது. பண்டிகையை ஒட்டிய தள்ளுபடி உண்டு. அதையும் அவர்களே கணக்குப் போட்டு ரசீதில் எழுதி விடுகிறார்கள். எழுதிய விலையைக் கண்டதும் தமக்கையாரின் உதடுகள் பழக்க தோஷத்தால் ஒரு தடவை அசைந்தன. சத்தம் வரவில்லை. சம்பந்தியம்மாள் புடவை அன்றைய ஜாபிதாவிலிருந்து நீங்கியது. கல்யாணப் பெண்ணுக்கு மட்டும் ஒரு கோர்வைப் புடவையை எடுத்து, முகப்பைப் பார்க்காமல் புரட்டி, கரையைத் தடவிப் பார்த்து, முந்தானை இணைந்த இடத்தில் பிட்னியைத் தேடி விரலை ஓட்டினார்.

விற்பனைக்காரர் ஆச்சரியப்பட்டு, "அம்மா நெசவுக்காரக் குடும்பமா?" என்று கேட்டார்.

யாதவப் பிரகாசரிடம் இராமாநுஜர் வாசித்ததும், குரு சொன்ன பொருள் சரியல்ல என்று கண்ணீர் விட்டதும் திருப்புட்குழியில்தான் என்பதை அர்ச்சகர் காலையில் விஸ்தாரமாகச் சொல்லியிருந்தார். தமக்கையார் அதை மறக்கவில்லை.

"இல்லை. திருப்புட்குழியில் ஒரு மணி நேரம் படித்தேன்" என்றார்.