வண்டிக்கா, ஆளுக்கா?

லண்டன் சவுத்வார்க்கில் ஜார்ஜ் இன் என்று ஒரு பழைய விடுதி. 1676இல் தீப்பிடித்து எரிந்தபின், மறு வருஷமே எடுத்துக் கட்டியது. குதிரை வண்டிகள் வந்து நிற்க முற்றம்; அதைப் பார்த்தாற்போல் மாடியில் மரத்தாலான நடை; நடையை ஒட்டி அறைகள். இந்த ரக விடுதிகளில் தெருவாசல் வளைவை வண்டியின் உயரம் பார்த்துத்தான் வைப்பார்கள். வண்டி உள்ளே வந்தால்தான் வியாபாரம்.

நம் சத்திரம் கட்டியவர்களுக்கு அந்தக் கவலை கிடையாது. கட்டியது புண்ணியத்துக்கு. மாட்டை வெளியே தோப்பில் அவிழ்த்துக் கட்டிவிட்டு ஆள் மட்டும் உள்ளே போகலாம். முன்னால் திண்ணை, நடுவில் முற்றம், பக்கத்தில் கிணறு. நேரங்கழித்து வந்தவனுக்கும் திண்ணை உண்டு. சாதி பார்க்காமல் எல்லோருக்கும் அது கிடைத்தது என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

எந்த ஊரில் தங்குவது என்பதை வண்டியின் வேகம்தான் முடிவு செய்யும். பாலாற்றை ஒட்டிப் போகும் பெங்களூர் சாலையில் மாட்டு வண்டிக்கு ஒரு நாள் நடை இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர். வேலூரில் கிளம்பினால் பள்ளிகொண்டாவில் பொழுது சாயும், ஆம்பூர் அதற்கப்புறம்தான். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் வந்ததும் இந்தக் கணக்கெல்லாம் ஆட்டம் கண்டது. இன்று பள்ளிகொண்டாவில் தோல் ஏற்றிப் போகும் லாரி நிற்பது சுங்கச்சாவடியில்தான்.

வெள்ளைக்காரர்கள் தங்களுக்குக் கட்டிக்கொண்டவை டி.பி. என்கிற பயணியர் பங்களாக்கள். உயரமான கூரை, அகலமான வராந்தா. அந்தக் காலத்துப் பங்களாக்களில் குளியலறைக்குப் பின்பக்கமாக இன்னொரு கதவு இருக்கும். மலம் அள்ளுகிறவர் அறைக்குள் கால் வைக்காமல் வந்து போவதற்கு. வராந்தாவை மெச்சுகிறவர்கள் பின்னால் போய் அந்தக் கதவையும் ஒரு தரம் பார்க்கட்டும்.

இன்றைய நெடுஞ்சாலைப் பிரியாணிக் கடைகளுக்கு முன்புறம் முழுக்கக் கார் நிறுத்தும் இடம். அரை மணியில் கை கழுவிப் போகிறவருக்கு முற்றம் எதற்கு?

தங்க வருகிறவர்களைப் பார்க்க வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் போக வேண்டும். காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் லாட்ஜுக்கு மேல் லாட்ஜ். பலகைகளில் வங்காள எழுத்து. மேற்கு வங்கம், வடகிழக்கு, வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து வாரக்கணக்கில் இருக்கிறார்கள். அறையிலேயே சமையல். படியேறும்போதே கடுகெண்ணெயில் மீன் பொரியும் வாசனை மூக்கில் ஏறும். பல அறைகளில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து லாட்ஜின் சுவர். அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் வந்தவர் உலை வைத்துக் குடும்பத்தோடு இருந்துவிட்டுப் போக இடம் தருகிற இதைத்தான் சத்திரத்தின் வாரிசு என்பேன், வாடகை வாங்கினாலும்.

இனிமேல் அங்கே லாட்ஜ் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வருகிறவர்களில் பாதிப் பேர் நோயாளிகள். வாசலில் சாய்தளம் வையுங்கள். சக்கர நாற்காலி நுழைகிற அகலத்துக்கு லிப்டும் கதவும் வையுங்கள்.