திரும்பும் இடத்தை முதலில் கேளுங்கள்



வெளிநாட்டில் வாழும் உங்கள் மகன் தொலைபேசியில், "உம்மா, இந்த விடுமுறைக்கு ஒரு தீவுக்குப் போய்ச் சுழியோடப் போகிறோம். அப்படியே பக்கத்திலுள்ள நீர்க்குகைகளிலும் இறங்கிப் பார்ப்போம்" என்று சொன்னால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? சிலர் உடனே "வேண்டாம்" என்பீர்கள். வேறு சிலர், பிள்ளை வளர்ந்துவிட்டான், நமக்கென்ன தெரியும் என்று மௌனமாகிவிடுவீர்கள். இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழியொன்று உண்டு. அதுதான் விபரம் கேட்பது. ஒரு பயணத்தின் பாதுகாப்பில் பெரும்பங்கு, பயணப்பை கட்டுவதற்கு முன்னரே வீட்டில் கேட்கப்படும் கேள்விகளால் தீர்மானமாகிறது. அதைப் பற்றியே இம்மாதம் உங்களுடன் பேச விரும்புகிறேன்.

எனது ராத்தாவின் மகன் கனடாவில் தொழில் செய்கிறார். முறைப்படி சுழியோடப் பழகிச் சான்றிதழ் பெற்றவர். ஒன்ராறியோவின் குளிர்ந்த ஏரிகளில் முப்பது தடவைகளுக்கு மேல் இறங்கியவர். சென்ற வருடம் பெப்ரவரியில் மனைவியுடனும் நான்கு வயது மகளுடனும் மெக்சிக்கோவின் கொசுமெல் தீவுக்கு 10 நாட்கள் சென்றுவரத் தீர்மானித்தார். கடைசி நாளில் கடலைக் கடந்து பெருநிலத்திலுள்ள நீர்க்குகைகளில் இறங்குவதும் அவரது திட்டத்தில் இருந்தது.

ராத்தாவுக்குத் தூக்கம் போய்விட்டது. காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று கடல் எங்கள் ஊருக்குள் புகுந்தபோது அவர் தன் கணவரை இழந்தார். அன்று மகனுக்கு ஒன்பது வயது. தகப்பனைக் கொண்டுபோன தண்ணீருக்குள் மகன் விரும்பி இறங்குவதை எந்தத் தாயால் இலகுவாக ஏற்க முடியும்? என்றாலும் அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "தம்பி, அவன்ட திட்டத்த நீங்க ஒருக்கா பாருங்க. நான் வேணாமெண்டா அவன் போகமாட்டான். ஆனா மனசுக்குள்ள வச்சிக்குவான். என்ட பயத்துக்காக அவனத் தடுக்கக் கூடாது. தடுக்கிறதெண்டா காரணம் இரிக்கணும்."

நான் ஓதியது அரபுக் கல்லூரியில். கடலுக்கடியைப் பற்றி அங்கு எவரும் பாடம் நடத்தவில்லை. ஆனால், ஒரு சொல்லைக் கேட்டால் அதன் எல்லை எது என்று விசாரிக்கப் பழக்கினார்கள். அந்தப் பழக்கத்தோடு மருமகனுடன் பேசத் தொடங்கினேன். அவரும் சளைக்காமல் விளக்கினார்.

அது எப்படிப்பட்ட இடம்?

கொசுமெல், மெக்சிக்கோவின் யுகட்டான் குடாநாட்டுக்கு அருகிலுள்ள தீவு. பிளாயா டெல் கார்மன் என்ற நகரிலிருந்து படகில் சுமார் 45 நிமிடத்தில் போய்ச் சேரலாம். அதன் பவளப்பாறைகள் உலகப் புகழ் பெற்றவை. அங்கே நீரோட்டம் பலமானது. சுழியோடிகள் ஓட்டத்தோடு மிதந்து செல்வார்கள், படகு மேலே அவர்களைத் தொடர்ந்து வரும்.

எதிரே உள்ள பெருநிலம் முழுவதும் சுண்ணாம்புக்கல். மழைநீர் கல்லைக் கரைத்து உள்ளே இறங்கிவிடுவதால், குடாநாட்டின் வடபகுதியில் நிலத்தின் மேல் ஆறுகளே இல்லை எனலாம். அவை நிலத்துக்கடியில், குகைகளின் வழியே ஓடுகின்றன. குகையின் கூரை இடிந்து விழுந்த இடங்களில் கிணறு போல நீர் தெரியும். மாயா மக்களின் சொல்லிலிருந்து வந்த 'செனோட்டே' என்ற பெயரால் இவற்றை அழைக்கிறார்கள். பனியுகத்தில் கடல்மட்டம் இன்றிருப்பதைவிட 100 மீற்றருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. அப்போது இந்தக் குகைகள் உலர்ந்து கிடந்தன. கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக உருவான கல் விழுதுகள் இன்று தெளிந்த நீருக்குள் மூழ்கி நிற்கின்றன. மருமகனை ஈர்த்தது இந்தக் காட்சிதான்.

இக்குகைகளின் நீளத்தையும் அறிந்துகொள்ளுங்கள். சாக் அக்டூன், டோஸ் ஓஹோஸ் என்ற இரு குகைத் தொகுதிகளும் ஒன்றோடொன்று இணைந்தவை என்பது 2018 ஜனவரியில் தெரியவந்தது. அப்போது அளக்கப்பட்ட மொத்த நீளம் 347 கிலோமீற்றர். அதே தொகுதியில் 'கருங்குழி' என்று பொருள்படும் ஓயோ நேக்ரோ என்ற ஆழ்குழியை 2007இல் சுழியோடிகள் கண்டார்கள். அதன் அடியில் 15, 16 வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியின் எலும்புக்கூடு கிடந்தது. 12,000 வருடங்களுக்கும் முன்னர், குகை உலர்ந்திருந்த காலத்தில், இருளில் நடந்துவந்து அந்தக் குழிக்குள் அவள் தவறி விழுந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. தண்ணீர் இல்லாத காலத்திலேயே குகை வழியை மறைத்திருக்கிறது என்றால், தண்ணீர் நிறைந்த காலத்தில் சொல்லவேண்டுமா?

குகைவாய் வேறு, உட்குகை வேறு

நான் கேட்ட முதற் கேள்வி, "மகன், நீங்கள் எதுவரை போவீர்கள்?" என்பதே.

திறந்த கடலில் ஏதும் நேர்ந்தால் சுழியோடி மேலே வரலாம். குகையில் மேலே இருப்பது கல். வந்த வழியேதான் வெளியே வர வேண்டும். ஆகவே இதில் இரண்டு படிகள் வகுத்திருக்கிறார்கள். பகல் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும் குகைவாய்ப் பகுதியோடு நிற்பது ஒன்று. 'கவர்ன் டைவிங்' என்பது இதுதான். வெளிச்சம் மறையும் உட்குகைக்குள் நுழைவது மற்றொன்று. அதற்கு நீண்ட தனிப்பயிற்சி வேண்டும். குகைவாய்ப் பகுதியில் நீர்மட்டத்திலிருந்து மொத்தத் தூரம், ஆழமும் சேர்த்து, சுமார் 60 மீற்றரைத் தாண்டக் கூடாது என்பது பயிற்சி விதி. எல்லை முடியும் இடத்தில் மரணத்தின் உருவம் வரைந்த பலகையே வைத்திருக்கிறார்கள். இதற்கு அப்பால் உயிரைக் கொடுத்துப் பார்க்க வேண்டியது எதுவுமில்லை என்பது அதன் செய்தி.

அமெரிக்கரான ஷெக் எக்ஸ்லி என்பவர், குகைகளில் இறந்த சுழியோடிகளின் விபத்துக்களை ஆராய்ந்து 1979இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். வெளிவாசல்வரை தொடரும் வழிகாட்டிக் கயிறு இல்லாமை, திரும்புவதற்குப் போதிய காற்றை மிச்சம் வைக்காமை, மிதமிஞ்சிய ஆழம் ஆகியவையே உயிர்களைப் பறித்தன என்று அவர் காட்டினார். அவரும் 1994இல் மெக்சிக்கோவின் சகட்டோன் என்ற பேராழக் கிணற்றில் இறந்துபோனார். அனுபவம் பெரிதாக இருந்தாலும் ஆழம் எவரையும் மதிப்பதில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

காற்றைப் பங்கிடும் கணக்கு

குடும்பத் தலைவிகளான உங்களுக்கு இந்தக் கணக்கு நன்றாக விளங்கும். 3,000 ரூபாவோடு கொழும்புக்குப் போகிறீர்கள். 1,000 போவதற்கு. 1,000 வருவதற்கு. மீதி 1,000ஐத் தொடவே கூடாது. கூட வந்தவரின் பணப்பை தொலைந்துவிட்டால் அவரையும் வீடு சேர்ப்பதற்கு அது. குகையில் காற்றையும் இப்படித்தான் மூன்றாகப் பங்கிடுகிறார்கள். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருந்தால், சுமார் 134 பாருக்கு இறங்கியதும் திரும்பிவிட வேண்டும். குழுவில் ஒருவருடைய காற்று அந்த அளவைத் தொட்டாலும் அனைவரும் திரும்ப வேண்டும்.

வழிகாட்டி உட்குகைப் பயிற்சி முடித்தவரா, ஒரு வழிகாட்டிக்கு நால்வருக்கு மேல் இல்லையா, ஒவ்வொருவரிடமும் மேலதிக விளக்கு உண்டா என்றும் கேட்டேன். மருமகன் அங்குள்ளவர்களிடம் எழுதிக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் பெற்றுத் தந்தார்.

இரு பயணங்களை இணைக்கும்போது

அவரது திட்டத்தில் பிழை இருந்தது குகையில் அல்ல, நாட்களை அடுக்கியதில். கடைசி நாள் பிற்பகல் 3 மணிவரை குகையில் சுழியோடல், மறுநாள் காலை 7 மணிக்கு விமானம். இடையே 16 மணித்தியாலங்கள்தான். ஆழத்தில் சுவாசிக்கும்போது நைதரசன் உடலில் கரைந்து சேர்கிறது. அது மெதுவாக வெளியேறும் முன் விமானத்தில் ஏறினால், அழுத்தம் குறைந்து, அது உடலுக்குள் குமிழாகி நோயை உண்டாக்கும். பல நாட்கள் தொடர்ந்து சுழியோடியவர் குறைந்தது 18 மணித்தியாலம் காத்திருக்க வேண்டும் என்பது சுழியோடிகளின் பாதுகாப்புக்காக இயங்கும் 'டான்' அமைப்பின் அறிவுரை. ஒரு முழுநாள் காத்திருப்பது இன்னும் நல்லது.

ஆகவே திட்டம் மாறியது. முதல் ஐந்து நாட்கள் தீவில். ஆறாம் நாள் படகேறிப் பெருநிலத்துக்கு. ஏழாம், எட்டாம் நாட்கள் குகைவாய்களில். ஒன்பதாம் நாள் தண்ணீரில் இறங்காமல் ஓய்வு. பத்தாம் நாள் விமானம். தீவைத் தங்குமிடமாக வைத்துக்கொண்டு குகைக்குப் போய்வருவதிலும் சிக்கல் உண்டு. குளிர்காலத்தில் வடக்குக் காற்று பலமாக வீசினால் துறைமுகம் மூடப்படும். பெருநிலத்தில் தங்கினால் அந்தக் கவலை இல்லை. செனோட்டேக்குள் அலை கிடையாது.

கடலை முதலில் வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. குகையில் காலைத் தவறாக உதைத்தால் அடியிலுள்ள வண்டல் கிளம்பி வழியை மறைத்துவிடும். பல்லாயிரம் வருடக் கல் விழுதும் ஒரு தட்டில் உடைந்துவிடும். எனவே தீவில் ஐந்து நாட்கள் மிதப்பைச் சீராக்கிப் பழகி, அங்குள்ள ஆசிரியர் திருப்தி கண்டால் மட்டுமே குகை என்று ஒப்புக்கொண்டார். உப்புநீரைவிட நன்னீரில் உடல் குறைவாக மிதக்கும். ஆகவே இடுப்பிலுள்ள ஈய எடையை அங்கே குறைக்க வேண்டும். செனோட்டே நீர் 25 பாகை செல்சியஸ் அளவில் இருப்பதால் தடித்த உடையும் தேவை. பயணக் காப்புறுதி சுழியோடலை உள்ளடக்குகிறதா என்பதையும் உறுதிசெய்துகொண்டார்.

அவரது மனைவியும் சுழியோடத் தெரிந்தவர். ஆனால், "தலைக்கு மேல் கல்லுள்ள இடம் எனக்கு வேண்டாம் மாமா" என்றார். எவரும் அவரை வற்புறுத்தவில்லை. செனோட்டேயின் திறந்த பகுதியில் மகளோடு நீந்திக் களித்தார். இதில் விருப்பமின்மையும் ஒரு நல்ல காரணமே.

ராத்தா சம்மதம் கொடுத்தார். குகைக்குப் போகும் இரு நாட்களும் வெளியே வந்தவுடன் செய்தி அனுப்ப வேண்டும் என்பது அவரது ஒரே நிபந்தனை.

இரண்டாம் நாள், குழுவிலிருந்த நால்வரில் மருமகனின் காற்றுத்தான் முதலில் அந்த அளவைத் தொட்டது. அவர் கையால் சைகை காட்டினார். வழிகாட்டி உடனே எல்லோரையும் திருப்பிவிட்டார். பாதையில் பாதிதான் பார்க்கக் கிடைத்தது. எவரும் முகம் சுளிக்கவில்லை. அவர் அனுப்பிய அழகான படங்களை ராத்தா ஒருமுறைதான் பார்த்தார். ஆனால் திரும்பிவந்த அந்தக் கதையை மூன்று முறை சொல்லக் கேட்டார்.

சகோதரிகளே! உங்கள் பிள்ளைகள் ஏறப்போவது மலையாகவும் இருக்கலாம், ஓட்டப்போவது மோட்டார் சைக்கிளாகவும் இருக்கலாம். அத்துறை நமக்குத் தெரியாது என்று ஒதுங்கிவிடாதீர்கள். எங்கே திரும்புவாய்? யார் திருப்புவார்? திரும்பி வருவதற்கு என்ன மிச்சம் வைத்திருக்கிறாய்? இவற்றைக் கேட்கப் பட்டம் தேவையில்லை. பதில் தெளிவாக வந்தால் மனநிறைவோடு அனுப்பி வையுங்கள். பதில் தடுமாறினால், அது தெளிவாகும்வரை பயணத்தைப் பிற்போடச் சொல்லுங்கள். அப்படிச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.