சிட்கோ பட்டறையில் ஒரு வாளித் தண்ணீர்

கிணத்துக்கடவிலிருந்து கோவை போகும் சாலையில் ஒத்தக்கால்மண்டபம், மலுமிச்சம்பட்டி, ஈச்சனாரி தாண்டினால் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை. கடைசல் பட்டறை, வார்ப்படம், பம்ப்செட் உதிரிபாகம் என்று ஓயாத சத்தம். தக்காளி விவசாயி ஒருவர், முழ நீளச் சொட்டுநீர்க் குழாய்த் துண்டோடு அங்கே பஸ்ஸை விட்டு இறங்கினார். வாங்கி இரண்டாவது பட்டத்திலேயே அந்தக் குழாய் நெடுக்காகக் கீறிவிட்டது. விற்றவரோ, "வெயில்ல கெடந்தா அப்படித்தானுங்க" என்று கையை விரித்துவிட்டார். குழாய்ப் பட்டறையில் ஆபரேட்டராக இருக்கும் அக்கா மகன்தான் "துண்டை எடுத்துட்டு வாங்க மாமா" என்று சொல்லியிருந்தான்.

பட்டறைக்குள் சூடான மெழுகு வாடை. கறுப்புக் குருணை மேலே கொட்டப்படுகிறது. உள்ளே ஸ்குரூ அரைத்துத் தள்ள, சுமார் 200 டிகிரி சூட்டில் பாகாகி, டை என்னும் அச்சின் வாய் வழியாகக் குழாயாக வருகிறது. பிறகு தண்ணீர்த் தொட்டியில் குளிர்ந்து சுருளாகிறது. பார்க்க முறுக்குப் பிழிகிற மாதிரிதான்.

டை வாயின் விளிம்பைக் காட்டினான் மருமகன். வெல்லம் காய்ச்சும் கொப்பரை விளிம்பில் கசண்டு படிவதுபோல அங்கே கறுப்பாக ஏதோ திரண்டு நின்றது. பாகிலிருந்து பிரியும் லேசான மெழுகுப் பகுதி, சரியாகக் கலக்காத சாயம், சுண்ணாம்புத் தூள் எல்லாம் சேர்ந்து இப்படி ஒட்டும். குருணையில் ஈரம் இருந்தால் இன்னும் அதிகமாகும். கறுப்புச் சாயக் குருணை ஈரத்தை இழுப்பதால், உலர்த்திய பிறகே போடுவார்கள். திரண்டதைத் துடைக்காமல் விட்டால் கருகும். ஒரு நேரம் பிய்ந்து குழாய் மேலே கட்டியாக உட்காரும். இல்லையென்றால் அங்கேயே நின்று குழாய் நீளத்துக்கும் கோடு கிழிக்கும். தண்ணீர் அழுத்தம் ஏறும்போது வெடிப்பு தொடங்குவதற்கு அந்தக் கோடு போதும்.

துடைக்க அவன் எடுத்தது பித்தளைத் தகடு. இரும்பால் சுரண்டினால் டை வாயில் கீறல் விழுமாம். அதன்பின் வருகிற குழாயெல்லாம் அந்தக் கீறலோடுதான் வரும்.

இன்னொரு கோளாறு, சுறாத்தோல். மாவு பதம் தப்பினால் முறுக்கு ஓரம் பிசிர் பிசிராக வருமே, அதேதான். டைச் சுவரை ஒட்டி மெதுவாக நகரும் பாகு, வாயை விட்டு வெளியே வந்ததும் திடீரென்று வேகமெடுக்க வேண்டியிருக்கிறது. மேல்தோல் தாங்காமல் நுணுக்கமாகக் கிழிகிறது. ஓட்டத்தைக் குறைக்கலாம், டை வாயில் சூட்டை ஏற்றலாம், வழுக்கிப் போக உதவும் மருந்தைத் துளி கலக்கலாம். ஓட்டத்தைக் குறைத்தால் அன்றைய உற்பத்தி குறையும். இடறுவது அங்கேதான்.

கரண்ட் போய் வந்தாலும் தொல்லை. உள்ளேயே நின்று வெந்த பாகைக் கட்டி கட்டியாக வெளியே தள்ளிய பிறகே குழாய் ஓட்ட வேண்டும். பொறுமை இல்லாத இடத்தில் அந்தக் கருகலும் சுருளுக்குள் போய்விடும்.

மாமா கொண்டுவந்த துண்டை விரலால் தடவினார்கள். வெளிப்புறம் சொரசொரப்பு, கீறல் ஓடியிருந்தது ஒரு நேர்கோட்டின் மேலேயே. மருமகன் அதில் டிரிப்பர் இல்லாத இடமாகப் பார்த்துக் கொஞ்சம் நறுக்கி, காற்றுக் குமிழ் ஒட்டாமல் வாளித் தண்ணீரில் அமுக்கி விட்டான். மூழ்கியது. பட்டறையின் நல்ல குழாய்த் துண்டு மிதந்தது. பாலிஎத்திலீன் தண்ணீரைவிட லேசு. சுண்ணாம்புத் தூளை அதிகம் சேர்த்தால்தான் மூழ்கும். மிதப்பதெல்லாம் தரமானது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. சுண்ணாம்பு இல்லாத பழைய கழிவுப் பிளாஸ்டிக்கும் மிதக்கும்.

"அப்ப வெயிலு?" என்றார் மாமா.

"கார்பன் கறுப்பு நூத்துக்கு ரெண்டரை பங்கு சீரா கலந்திருந்தா, ரெண்டு பட்டத்து வெயில் ஒண்ணும் பண்ணாதுங்க மாமா. குழாய் மேல ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்துச்சா? வெறும் லேட்டரல்னா 12786, டிரிப்பர் உள்ளேயே வெச்சதுன்னா 13488னு நம்பர் அடிச்சிருக்கும்."

மாமா குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்தே இல்லை. வாங்கிய பில் மட்டும் சட்டைப் பையில் மடித்து இருந்தது. மிதந்த துண்டையும் கேட்டு வாங்கி, இரண்டையும் துண்டில் முடிந்துகொண்டு பொள்ளாச்சி பஸ் ஏறினார். கடைக்காரர் கடை வாசலிலும் ஒரு வாளி இருக்கத்தானே செய்யும்.