கப்பலில் வேலையா? கொடுத்து வைத்தவன்!

உல்லாசக் கப்பலில் வேலை என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், நம் வீடுகளில் இரண்டு கட்சி பிரிந்துவிடும். “கொடுத்து வைத்த பையன்! ஓசியிலே உலகத்தைச் சுற்றுகிறான். டாலரில் சம்பளம். சாப்பாடு, படுக்கை எல்லாம் கம்பெனி செலவு. வேறென்ன வேண்டும்?” என்பது ஒரு கட்சி. “ஐயையோ, கப்பலா? குடியும் கூத்துமாக இருக்குமே! பெண்பிள்ளையை அங்கே யாராவது அனுப்புவார்களா?” என்பது இன்னொரு கட்சி. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே ஓர் உல்லாசக் கப்பல், முதலமைச்சர் கொடியசைக்கப் புறப்பட்டதே, அதற்குப் பிறகு இந்தப் பேச்சு இன்னும் அதிகமாகக் காதில் விழுகிறது. இரண்டு கட்சிக்காரர்களும் கப்பலின் மேல்தளத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். அதுவும் சினிமாவில்.

அமெரிக்காவில் இருக்கும் என் பெண்ணும் மாப்பிள்ளையும் மயாமியிலிருந்து ஏழு நாள் கரீபியன் கடல் பயணத்துக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். நீலக் கடலையும் வெள்ளை மணலையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல நினைப்பது அதே கப்பலில், நீர்மட்டத்தை ஒட்டியும் அதற்குக் கீழேயும் இருக்கிற இன்னொரு ஊரைப் பற்றி.

முதலில் மயாமி. தன்னை ‘உலக உல்லாசக் கப்பல்களின் தலைநகர்’ என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் துறைமுகம் இது. கப்பல்கள் அடுக்குமாடிக் கட்டடங்களைப் போல வரிசையாக நிற்கின்றன. 2024 ஜனவரியில் இங்கிருந்து முதல் பயணம் கிளம்பிய ‘ஐகான் ஆஃப் த ஸீஸ்’ கப்பலுக்கு 20 தளங்கள். நீளம் ஏறக்குறைய 1,200 அடி. பயணிகள் 7,600 பேர் வரை ஏறலாமாம். அவர்களைக் கவனிக்கச் சிப்பந்திகள் மட்டும் சுமார் 2,350 பேர். அடேயப்பா, ஒரு கிராமமே வேலைக்காரர்கள்! நாங்கள் போனது இதைவிடச் சிறிய கப்பல்தான். அதுவே எனக்கு வழி தெரியாமல் இரண்டு நாள் சுற்றியடித்தது.

மூன்றாம் நாள், தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு சமையற்கூடம், சலவைக்கூடம் எல்லாம் காட்டுகிறோம் என்றார்கள். மாப்பிள்ளை, “இதுக்குப் போய்க் காசா அத்தை?” என்றார். நான் கேட்கவில்லை.

‘சிப்பந்திகளுக்கு மட்டும்’ என்று எழுதிய கதவு ஒன்றைத் திறந்தார்கள். அவ்வளவுதான், கம்பளமும் வாசனையும் பித்தளைக் கைப்பிடிகளும் மறைந்துபோயின. இரும்புத் தரை, வெள்ளை பெயிண்ட் அடித்த சுவர், தலைக்கு மேல் குழாய்கள். கப்பலின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரே நீளமான பாதை. ‘ஐ-95’ என்பது அதற்குச் சிப்பந்திகள் வைத்த பெயர். மயாமியிலிருந்து வடக்கே அமெரிக்காவின் கிழக்குக் கரையோரமாகப் போகும் நெடுஞ்சாலையின் பெயர் அது. தள்ளுவண்டிகளில் காய்கறியும், மூட்டை மூட்டையாக அழுக்குத் துணியும் அந்தச் சாலையில் ஓடுகின்றன. இருபுறமும் அவர்களுடைய சாப்பாட்டுக் கூடம், சின்னக் கடை, பயிற்சி அறை. பலருடைய காபின்களும் இந்தத் தளங்களில்தான். இரண்டு பேருக்கு ஒரு காபின். ரயிலில் இருக்கிற மாதிரி மேலே ஒரு படுக்கை, கீழே ஒரு படுக்கை, மறைவுக்கு ஒரு திரை. ஜன்னல் கிடையாது. பகலா இரவா என்று கடிகாரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சமையற்கூடத்தில் என் கால் நின்றுவிட்டது. நெருப்பே கண்ணில் படவில்லை. எல்லாம் மின்சார அடுப்பு. கப்பலில் தீயைப் போல வேறு பகை இல்லை. பச்சை மாமிசத்துக்கு ஒரு நிறப் பலகை, காய்கறிக்கு ஒரு நிறம் என்று வெட்டும் பலகைகளைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்நாட்டு சுகாதாரத் துறையினர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து சோதிப்பார்கள். நூற்றுக்கு 86 மதிப்பெண்ணாவது வாங்கினால்தான் தேர்ச்சி. 85 என்றால் கூடத் தோல்விதான். நம் மாமியார்கள் கூட இவ்வளவு கண்டிப்பு இல்லை!

அங்கேதான் அந்தப் பையனைப் பார்த்தேன். நான் என் பெண்ணிடம், “ரொட்டி மாவு எத்தனை சேர் இருக்கும்டி?” என்று கேட்டது அவன் காதில் விழுந்துவிட்டது.

“அம்மா, நீங்க தமிழா?” என்றான்.

தூத்துக்குடிப் பக்கம். கேட்டரிங் படித்துவிட்டு வந்து, இது இரண்டாவது ஒப்பந்தம். அன்று இரண்டு நிமிஷந்தான் பேச முடிந்தது. மறுநாள் கோசுமெல் என்ற மெக்ஸிகோத் தீவில் கப்பல் நின்றபோது, கரையோரக் கடை வாசலில் போனும் கையுமாக நின்றுகொண்டிருந்தான்.

“தீவைச் சுற்றிப் பார்க்கலையா தம்பி?”

“எங்கம்மா! ரெண்டு மணி நேரம் விட்டிருக்காங்க. வீட்டுக்குப் பேசணும், பணம் அனுப்பணும், ஷாம்பு வாங்கணும். அதுக்கே சரியாப் போச்சு. மயாமிக்கு அஞ்சு மாசமா வாராவாரம் வாறேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடைத்தெருவைத் தவிர ஒண்ணும் பாக்கலை. எங்கம்மா என்னடான்னா, எம்மவன் அமெரிக்காவைச் சுத்திப் பாக்கான்னு ஊரெல்லாம் சொல்லுதாங்க!”

கப்பல் கரையில் நின்றாலும் எல்லாரும் இறங்கிவிட முடியாது. ஏதாவது ஆபத்து என்றால் சமாளிக்கக் குறிப்பிட்ட பேர் முறை வைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தாக வேண்டும். மயாமியில் பயணிகள் மாறும் நாள் இருக்கிறதே, அது கல்யாண வீட்டில் ஒரு பந்தி எழுந்து அடுத்த பந்தி உட்காருகிற மாதிரி. காலையில் ஆயிரக்கணக்கில் இறங்குவார்கள். மத்தியானத்துக்குள் அதே அளவு ஏறுவார்கள். சாயங்காலம் கப்பல் கிளம்பிவிடும். நடுவே இருக்கிற சில மணி நேரத்தில் அத்தனை படுக்கைக்கும் விரிப்பு மாற்றி, குளியலறை தேய்த்து, ஒரு வாரத்துச் சாமானையும் ஏற்றியாக வேண்டும். அன்றைக்குப் பார்த்து ஊர் சுற்றவா முடியும்?

வேலை நேரத்துக்குக் கணக்கு உண்டு. ‘கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை’ என்று 2006இல் ஜெனீவாவில் ஏற்படுத்தி, 2013 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் 2015இல் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதன்படி ஒரு நாளில் பத்து மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். அதை இரண்டு துண்டுக்கு மேல் வெட்டக் கூடாது. ஒரு துண்டு ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும். வாரத்துக்கு 77 மணி நேரம் ஓய்வு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திருப்பிப் பாருங்கள்: சமையல்காரனுக்கும் பரிசாரகனுக்கும் தினம் பத்து மணி நேர வேலை சர்வசாதாரணம். ஆறு மாதம், எட்டு மாதம், சிலருக்கு ஒன்பது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட லீவு இல்லாமல்! (ஞாயிற்றுக்கிழமையே இல்லாத வேலை நமக்குப் புதிதா என்ன என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது.)

சம்பள விஷயத்திலும் நம் கணக்கு தப்பு. எட்டு மாதம் முடிந்து பையன் ஊருக்கு வந்து இரண்டு மாதம் இருப்பான். விடுமுறைச் சம்பளத்தையும் மாதச் சம்பளத்தோடு சேர்த்தே கொடுத்துவிடுவது பல கம்பெனிகளின் வழக்கம். ஆகவே அந்த இரண்டு மாதமும் வரவு பூஜ்யம். நமக்கு அது எங்கே தெரிகிறது? வந்த பணத்தையெல்லாம் செலவழித்துவிட்டு, “டாலர் சம்பாதிக்கிற பிள்ளை இப்படிக் கணக்குப் பார்க்கிறானே” என்கிறோம். அந்தப் பையன் சொன்னான்: “போன தடவை ஊருக்குப் போனப்போ, மாமா ரெண்டு பேரு கடன் கேட்டு வந்துட்டாங்கம்மா. இல்லைன்னு சொன்னா நம்பலை. கடைசியில நகையை அடகு வச்சுத்தான் திரும்பி வந்தேன்.” எந்த நகை என்று நான் கேட்கவில்லை. அம்மாவுடையதாகத்தான் இருக்கும்.

சரி, பெண்பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். எங்கள் காபினைச் சுத்தம் செய்தது ஒரு பிலிப்பைன்ஸ் பெண். நாலு வயதுப் பையனை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். கோடையில் மயாமிக்கும் மணிலாவுக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். இவள் இரவு வேலை முடித்துக் கூப்பிடும்போது அங்கே குழந்தை பள்ளிக்கூடம் போக ஷூ மாட்டிக்கொண்டிருப்பான். “சில நாள் என்னோடு பேச மாட்டான், பாட்டியிடம் போய்விடுவான்” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். என் பெண் தன் குழந்தையை இறுக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கப்பலில் பெண்களுக்குக் கஷ்டம் என்றால் இதுதான் கஷ்டம். நாம் நினைக்கிற கூத்து அல்ல. பயணிகளோடு நெருங்கிப் பழகினால் வேலை போய்விடும் என்பதில் கம்பெனிகள் கறாராக இருக்கின்றன. சிப்பந்திகள் குடித்திருக்கிறார்களா என்று திடீர் சோதனையும் உண்டு. தப்பே நடக்காது என்று நான் சத்தியம் செய்யவில்லை. எந்த ஆபீஸுக்குத்தான் அப்படிச் சத்தியம் செய்ய முடியும்?

பெண்கள் கப்பலில் வேலை பார்ப்பது நேற்று வந்த வழக்கமும் இல்லை. வயலெட் ஜெஸப் என்ற பணிப்பெண் 1912இல் டைட்டானிக்கில் இருந்து தப்பினார்; 1916இல் அதன் தங்கைக் கப்பலான பிரிட்டானிக் மூழ்கியபோதும் தப்பினார்; அதற்குப் பிறகும் கப்பல் வேலைக்கே போனார்! 2007இல் ஸ்வீடனைச் சேர்ந்த காரின் ஸ்டார்-ஜான்ஸன் ஒரு பெரிய உல்லாசக் கப்பலுக்கே காப்டன் ஆகிவிட்டார்.

தட்டு ஏந்துகிறவன் தட்டு மட்டும் ஏந்துகிறான் என்று நினைப்பதும் சரியல்ல. கப்பலில் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரும் தீயணைப்பு, முதலுதவி, உயிர்காக்கும் உடுப்போடு தண்ணீரில் சமாளிப்பது என்று பயிற்சி எடுத்திருக்க வேண்டும். ஏழு குட்டைச் சங்கும் ஒரு நீண்ட சங்கும் ஒலித்தால், நமக்கு ஐஸ்கிரீம் கொடுத்தவனே நம்மைப் படகுக்கு அழைத்துப் போகிற ஆள். 2012இல் இத்தாலிக் கரையில் ‘கோஸ்டா கான்கார்டியா’ கவிழ்ந்து 32 பேர் இறந்த பிறகு, பயணிகளுக்கான ஒத்திகையைக் கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனோ முடித்துவிட வேண்டும் என்று விதியையே மாற்றினார்கள்.

2020 பிப்ரவரியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜப்பானில் யோகோஹாமா துறைமுகத்தில் ‘டயமண்ட் பிரின்ஸஸ்’ கப்பல் கொரோனாவால் நிறுத்தி வைக்கப்பட்டது. உள்ளே சுமார் 3,700 பேர். பயணிகளைக் காபினை விட்டு வெளியே வராதே என்றார்கள். சரி, அவர்களுக்குச் சமைத்து, வாசலில் கொண்டுபோய் வைத்தது யார்? ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பந்திகள்தான். அவர்களுக்கு ஒதுங்கியிருக்கத் தனி அறை ஏது? இரண்டு பேர் ஒரு காபின், ஒன்றாகச் சாப்பாடு. 700 பேருக்கு மேல் நோய் கண்டது. அந்தக் கப்பலில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் சிப்பந்திகள். அவர்கள் வீட்டு அம்மாக்கள் அந்த மாதம் டி.வி. முன்னால் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

கப்பலில் ஏறிய பிறகு வரும் கஷ்டம் ஒரு பக்கம். ஏறுவதற்கு முன்னாலேயே ஏமாந்துபோகிற குடும்பங்கள் இன்னொரு பக்கம். அந்தப் பையனோடு படித்தவன் ஒருவன், ஏஜெண்ட் ஒருவரிடம் மூன்று லட்சம் கட்டிவிட்டு மும்பை போய்ப் பார்த்தால் ஆபீஸ் பூட்டிக் கிடந்ததாம். “என் தங்கச்சியும் கேட்டரிங்தாம்மா படிக்கா. அவளுக்கும் கப்பல்ல சேர ஆசை. அம்மா விடமாட்டேங்காங்க. எனக்குக் கப்பலை நினைச்சுப் பயமில்லை. ஏஜெண்ட்டை நினைச்சாத்தான் பயம்” என்றான்.

ஆகவே இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த உடன்படிக்கையின்படி, வேலை வாங்கித் தருவதற்கென்று கடலோடிகளிடம் கட்டணம் வாங்கவே கூடாது. பாஸ்போர்ட், மருத்துவச் சான்றிதழ், சி.டி.சி. என்கிற கடலோடிப் புத்தகம், இந்த மூன்றின் செலவைத்தான் நம் தலையில் வைக்கலாம். விசாச் செலவு கம்பெனியுடையது. (பயிற்சி வகுப்புக்கு நாம் கட்டுவது தனி.) ஆள் எடுக்கிற கம்பெனியிடம் ஆர்.பி.எஸ்.எல். என்ற மத்திய அரசு உரிமம் இருக்க வேண்டும். அது உண்மையா, காலாவதியாகிவிட்டதா என்பதை மும்பையிலுள்ள மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகத்தில் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். ஒப்பந்தத் தாளில் எத்தனை மாதம், எவ்வளவு சம்பளம், திரும்பி வரும் டிக்கெட் யார் பொறுப்பு என்பதெல்லாம் இருக்கும். தாலியை அடகு வைப்பதற்கு முன்னால், இங்கிலீஷ் தெரிந்த யாரையாவது விட்டு வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள்.

பையனோ பெண்ணோ கிளம்புவதாகவே முடிவாகிவிட்டால், பெட்டி கட்டும்போது சாமி விளக்கு, ஊதுவத்தி, சின்ன மின்சார குக்கர், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். தீ பயத்தால் காபினுக்குள் எதையும் விட மாட்டார்கள். அரிசிச் சோற்றுக்குக் குறைவில்லை. பிலிப்பைன்ஸ்காரர்களும் இந்தோனேசியர்களும் நம்மவர்களும் இருப்பதால் தினமும் உண்டு. குமட்டலுக்கு இஞ்சி மிட்டாய் கொடுத்தனுப்பலாம். முதல் வாரத்துக்கு உதவும். வழுக்காத அடிப்பாகம் உள்ள நல்ல கறுப்பு ஷூ இரண்டு ஜோடி வாங்கிக் கொடுங்கள். விலையைப் பார்க்காதீர்கள். பத்து மணி நேரம் இரும்புத் தரையில் நிற்கிற கால்.