வளையத்தின் விளிம்பில்

ஆட்டம் முடிய நான்கே விநாடிகள் இருந்தன. நாங்கள் 31, எதிரணி 32. எங்கள் தோழிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தன. முதல் பந்து பலகையில் பட்டு வெளியே போயிற்று. இரண்டாவது பந்து வளையத்தின் விளிம்பில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றியது. பின்னும் அரைச் சுற்று. உள்ளே விழுவதா வெளியே விழுவதா என்று யோசிப்பதுபோல் ஒரு கணம் நின்றது. வெளியே விழுந்தது. எதிரணியினர் அதைப் பற்றிக்கொள்ள, விசிலும் ஒலித்தது. மாவட்டக் கோப்பை அவர்களுடையதாயிற்று.

திரும்பும்போது பேருந்தில் ஒருவரும் பாடவில்லை. "நமக்கு அதிர்ஷ்டம் இல்லை, விடுடீ" என்று அவளைத் தேற்றினோம். "அதிர்ஷ்டத்தின்மேல் ஏன்டீ பழி போடுகிறீர்கள்? எறிந்தது என் கைதானே" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திங்கட்கிழமை பயிற்சிக்கு வரவில்லை, செவ்வாயும் வரவில்லை.

உண்மையை ஒளிப்பானேன்? அவள் எதிரில்தான் நாங்கள் அதிர்ஷ்டம் என்றோம். அவள் இல்லாத இடத்தில், "ஒன்றையாவது போட்டிருக்கலாம்" என்று பேசிக்கொண்டோம். அது அவள் காதுக்கும் எட்டியிருக்கிறது.

அப்படியானால் கூடைப்பந்தில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லையா? எங்கள் இயற்பியல் ஆசிரியையிடம் கேட்டோம். பாடம் நடத்த வந்தவர்கள் சாக்பீஸை எடுத்து வளையமே வரைந்துவிட்டார்கள். வளையத்தின் குறுக்களவு 45 செ.மீ.; பெண்கள் ஆடும் பந்துக்குச் சுமார் 23 செ.மீ. ஏறக்குறைய இரண்டு பந்து அகலம்! ஆனால் பந்து நேர்மேலிருந்து விழுவதில்லையே, சாய்ந்துதானே வருகிறது? 45 டிகிரிச் சாய்வில் வரும் பந்துக்கு அந்த வாய் 32 செ.மீ. அளவே திறந்திருக்கும். 30 டிகிரியில் தாழ வந்தால் 22.5 செ.மீ.தான், பந்து விளிம்பில் இடித்தே தீரும். இடித்தபின் எந்தப் பக்கம் போகும் என்று யாரால் சொல்ல முடியும்? பந்தை உயர்த்தி எறிகிறவள் அதிர்ஷ்டத்துக்குக் கொஞ்சம் இடம் விடுகிறாள்; தாழ எறிகிறவள் நிறைய விடுகிறாள். எங்களில் பாதிப்பேர் தாழ எறிகிறவர்கள்!

அன்று வேறு சிலவும் எங்கள் கையில் இல்லை. முற்பாதி முழுவதும் மேற்கு வெயில் எங்கள் கண்ணில் அடித்தது. பக்கம் மாறி எதிரணிக்கு அந்த வெயில் வரவேண்டிய நேரத்தில், எங்கிருந்தோ ஒரு மேகம் வந்து சூரியனை மூடிக்கொண்டது. ஆட்டத்துக்கு முன் நாங்கள் மாதாவிடம் ஜெபமாலை சொல்லிப் போனோம். அவர்களும் கன்னியர் மடத்துப் பிள்ளைகள்தாம். அவர்களும் அதே மாதாவிடம்தான் சொல்லியிருப்பார்கள். இதை ஸிஸ்டரிடம் சொன்னபோது அவர்கள் சிரித்துவிட்டு, "அரையிறுதியை ஏன் மறந்துவிட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டார்கள்.

சுருக்கென்றது. அரையிறுதியில் எங்கள் காப்டன் பாதி மைதானத்திலிருந்து கண்ணை மூடாத குறையாக எறிந்த பந்து, பலகையில் பட்டுக் கூடைக்குள் விழுந்ததால்தானே நாங்கள் வென்றோம்? அன்று யாரும் அதிர்ஷ்டம் என்று சொல்லவில்லை. அபாரத் திறமை என்றோம்!

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இதே கதைதான். 2019 மே 12ஆம் நாள், டொராண்டோவுக்கும் பிலடெல்பியாவுக்கும் இடையே ஏழாவது ஆட்டம். 90-90 என்ற சமநிலையில் கடைசி நொடியில் கவாய் லெனர்ட் எறிந்த பந்து வளையத்தில் நான்கு தடவை துள்ளி உள்ளே விழுந்தது. டொராண்டோ அந்த ஆண்டின் கோப்பையையே வென்றது. அதற்குச் சில விநாடிகளுக்கு முன்பு அவரே தம் இரண்டு ஃப்ரீ த்ரோக்களில் ஒன்றைத் தவறவிட்டிருந்தார். அந்த நான்கு துள்ளலில் ஒன்று வேறு பக்கம் போயிருந்தால், ஊரார் எதைப் பேசியிருப்பார்கள்?

கால்பந்தில் ஒரே கோல் ஆட்டத்தை முடித்துவிடும். கூடைப்பந்தில் எத்தனையோ எறிகள். ஒன்றின் அதிர்ஷ்டத்தை இன்னொன்று சரிக்கட்டிவிடும். ஆகவே நல்ல அணி பெரும்பாலும் வெல்லும் என்றார்கள் ஆசிரியை. இதைக் கேட்டதும் எங்களுக்கு ஸ்கோர் புத்தகத்தின் நினைவு வந்தது. எடுத்துப் பார்த்தோம். அந்த இறுதியாட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோக்கள் 16. உள்ளே போனவை 7. தவறிய ஒன்பதில் அவளுடையவை இரண்டே! மீதி ஏழும் எங்களுடையவை. முதல் பத்து நிமிடத்திலேயே மூன்று. அவை எங்கள் யாருக்கும் நினைவிலேயே இல்லை.

புதன் மாலை அந்தப் புத்தகத்தோடு அவள் வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா காப்பி கொடுத்தார்கள். நாங்கள் பேசியதைப் பற்றி மன்னிப்புக் கேட்டோம். சொல்லி முடிப்பதற்குள் தொண்டை அடைத்துவிட்டது. அவள் பக்கத்தைப் புரட்டி, ஒவ்வொரு பெயருக்கும் நேராக விரலை வைத்து எண்ணினாள். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு, "முதலாவது போகாதது என் தப்புதான்டீ. தாழ எறிந்தேன். இரண்டாவது வேண்டுமானால் அதிர்ஷ்டம்" என்றாள்.

வியாழன் காலை நாங்கள் மைதானத்துக்குப் போனபோது, அவள் எங்களுக்கு முன்னரே வந்து கோட்டில் நின்றுகொண்டிருந்தாள்.